இடப் பக்கத்துக் கிளாரினெட்

விருத்தாசலம்
5-8-2024

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கை ரெஜினாவுக்கு அண்ணன் காஸ்பர் எழுதுவது. இக்கடிதத்தில் வருவன:

1. இங்குள்ள நலம், அங்குள்ள நலம்.
2. பங்குச் சாமியார் என் தலையில் வைத்த காரியம்.
3. மோனோ கார்ட்ரிட்ஜா, ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜா?
4. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

முதலாவது. ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு இசைத்தட்டில் உள்ள கீறல்கள்கூடத் தெரிகின்றன. தெரியாமலிருந்தபோது நிம்மதியாக இருந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

இரண்டாவது. சாமியார் போன வாரம் வீட்டுக்கு வந்தார். டீ குடித்துக்கொண்டே என் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். "இவ்ளோ பாட்டையும் நீங்க ஒருத்தரே கேட்டா பாவம் இல்லையா சார்?" என்றார். பாவம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் எனக்கு மறுக்க வரவில்லை. ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா. அதற்கு முந்தின நாள் மாலை, பங்கு மண்டபத்தில் நான் தட்டுகளைச் சுழலவிட வேண்டும். ஊரார் உட்கார்ந்து கேட்பார்கள்.

மூன்றாவது. துணியால் தூசி தட்டும்போது என் பிளேயரின் முள்ளை வளைத்துவிட்டேன். என் தவறுதான். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியையே மாற்ற வேண்டும். அதில் இரண்டு வகை. பழைய தட்டுகள் மோனோ: எல்லா ஓசையும் ஒரே ஓடையாக வரும். எழுபதுகளுக்குப் பிறகு வந்தவை ஸ்டீரியோ: முள் ஓடும் பள்ளத்தின் இரு சுவர்களிலும் வேறு வேறு ஓசை, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டு வகைத் தட்டையும் பாடும். ஆனால் பழைய தட்டுகளில் அழுக்கையும் சேர்த்துப் பாடும். மோனோ கார்ட்ரிட்ஜ் கீறல் சத்தத்தை அடக்கும். ஆனால் புதிய தட்டுகளின் இரு பக்கத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடும். என்னிடம் இரு வகையும் ஏறக்குறையச் சரிபாதி. எனக்கு முடிவெடுக்க வரவில்லை.

நான்காவது. மைக் முன்னால் எனக்கு நாக்கு எழாது என்பது உனக்குத் தெரியும். செராமிக் கம்பெனியில் என் பிரிவுபசார விழாவில் "நன்றி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கரண்ட் போய்விட்டதோ என்று மைக்செட்காரர் ஒயரைப் பார்க்கப் போய்விட்டார். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அதட்டி அமைதியாக்கிய குரல் உன்னுடையது. நீ வந்தால் செய்வேன். வராவிட்டால் சாமியாரிடம் எப்படிப் பின்வாங்குவது என்று தெரியவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
காஸ்பர்


புதுச்சேரி
16-8-2024

அன்பு அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்காலும் கூடவே இருக்குது, எங்கேயும் போகல.

தங்கச்சிக்குக் கடுதாசி எழுதும்போதுகூடப் பொருளடக்கம் போடுற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அண்ணி உயிரோட இருந்தப்ப சொல்வாங்க, "உங்க அண்ணன் கோழிக்குழம்பு நல்லாருக்குன்னு சொல்லணும்னாகூட மூணு காரணம் சொல்லுவாரு"ன்னு. போன்ல பேசலாம்னா அது இதைவிட மோசம். ஹலோன்னு சொல்லிட்டு மூச்சு விடுறீங்க. அதனால எழுதுங்க, படிக்கிறேன்.

ஸ்டீரியோவே வாங்குங்க. எல்லாத்தையும் பாடும்னா அதுதானே புத்திசாலித்தனம்? எங்க வூட்டுக்காரர் வச்சிட்டுப்போன செட்டுல நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தட்டு போடுறேன். மாடி வூட்டுக்காரி சத்தம் ஜாஸ்தின்னு ரெண்டு தடவை வந்து நின்னா. அப்படி ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. என் புள்ள லாரன்ஸ் சென்னையிலேருந்து ஹெட்போன் வாங்கி அனுப்பிட்டான். இப்போ அவளும் நிம்மதி, நானும் நிம்மதி.

நாலாவது விஷயம் ஜனவரிதானே. பாத்துக்கலாம்.

உப்பைக் குறைங்க. ஊறுகாயும் உப்புதான், அதை ஞாபகம் வச்சிக்குங்க.

ரெஜினா


விருத்தாசலம்
27-8-2024

அன்புள்ள ரெஜினாவுக்கு,

ஊறுகாயை நிறுத்திவிட்டேன். எலுமிச்சை ஊறுகாயை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

ஸ்டீரியோ என்று நீ சொன்னதும் பாதி தைரியம் வந்தது. மீதிப் பாதிக்காக ஒரு சோதனை. இத்துடன் ஒரு மாதா பாட்டுத் தட்டைப் பொதிந்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு தலையணை உறைக்குள் வைத்து, பார்சல் ஆபீஸ்காரர் சிரிக்கும் அளவுக்கு நூல் சுற்றியிருக்கிறேன். அது வெளிவந்த காலத்தில் ஸ்டீரியோ புதிது. அதனால் முழுக்கப் பிரித்துப் பதிந்திருக்கிறார்கள். பாடுகிற அம்மாள் வலப் பக்கம் மட்டும். இடப் பக்கம் ஒரு கிளாரினெட், அவர் ஒரு வரி பாட, அது ஒரு வரி பதில் சொல்லும். அண்ணன் தங்கை பேசிக்கொள்வதுபோல இருக்கும். அந்தப் பேச்சை மண்டபத்தில் கேட்கச் செய்யவே எனக்கு ஸ்டீரியோ மீது ஆசை.

உன் ஹெட்போனில் கேட்டு, கிளாரினெட் எப்படி இருக்கிறது என்று எழுது. நன்றாக இருந்தால் ஸ்டீரியோவுக்கே சொல்லிவிடுவேன்.

நீ வருவதைச் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

அன்புடன்,
காஸ்பர்


புதுச்சேரி
14-9-2024
(அஞ்சலட்டை)

அண்ணே, தட்டு உடையாம வந்துச்சு. நூலை அறுக்கவே ஒரு சாயங்காலம் போச்சு. பாட்டு அருமை. ஆனா கிளாரினெட்டு எங்கே? அந்த அம்மா ஒரு வரி பாடுது, அப்புறம் ஒண்ணுமே இல்ல, சும்மா கரகரன்னு ஓடுது, மறுபடி பாடுது. உங்க கிளாரினெட்காரர் அன்னைக்கு லீவா?

ஜனவரிக்கு என்னை எதிர்பாக்காதீங்க. முழங்காலோட அவ்வளவு தூரம் பஸ்ஸுல ஒக்கார முடியாது. வேற யாரையாவது பேசச் சொல்லுங்க. உடம்பப் பாத்துக்குங்க.

ரெஜினா


விருத்தாசலம்
22-9-2024

அன்புள்ள ரெஜினாவுக்கு,

முழங்கால் வலி கூடியிருப்பது வருத்தம். போன ஈஸ்டருக்கு இதே முழங்காலோடு நீ வேளாங்கண்ணிக்குப் போய் வந்தாய். அதைச் சுட்டிக்காட்டுவதாக நினைக்காதே. நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன்.

ஒருவேளை காரணம் நானாக இருக்கலாம். மேடையில் நான் திருதிருவென்று விழிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க உனக்குக் கூச்சமாக இருக்கும். அப்படியானால் சொல்லிவிடு. எனக்கு வருத்தம் வராது. கொஞ்சம் வரும், போய்விடும்.

கிளாரினெட் விஷயத்தில் தவறு என்னுடையதாகவே இருக்க வேண்டும். பொதியும்போது தட்டை அழுத்திவிட்டேனோ, பள்ளத்தின் ஒரு சுவர் நசுங்கிவிட்டதோ என்று இரண்டு நாளாகக் கவலை. எங்கள் கம்பெனியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் பழுது என்று திரும்பி வந்தால், சூளையையோ களிமண்ணையோ உடனே குறை சொல்ல மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். நீயும் அப்படிச் செய். ஹெட்போனைக் கழற்றி, இடது காதுக்கானதை வலது காதிலும், வலது காதுக்கானதை இடது காதிலும் மாட்டிக்கொள். வேறு எதையும் தொடாதே. இப்போதும் அந்த அம்மாள் மட்டும் பாடினால் தட்டில் பழுது, அதாவது என்னில் பழுது.

ராத்திரியில் தனியாக இருக்கிறாய். கதவைப் பார்த்துப் பூட்டு.

காஸ்பர்


புதுச்சேரி
5-10-2024

அன்பு அண்ணனுக்கு,

சுகம். மழை ஆரம்பிச்சிடுச்சு, துணிதான் காயல.

எல்லாத்துக்கும் "தவறு என்னுடையது"ன்னு எழுதுறீங்களே, ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சி வச்சிக்குங்க, மை மிச்சமாகும்.

நீங்க சொன்ன மாதிரியே மாத்திப் போட்டேன். இப்போ கிளாரினெட்காரர் வேலைக்கு வந்துட்டாரு, அந்த அம்மா லீவு. அவர் ஒரு வரி வாசிக்கிறாரு, அப்புறம் கரகர. நல்லாத்தான் வாசிக்கிறாரு மனுசன். உங்க தட்டுல நசுங்கல் கிசுங்கல் ஒண்ணும் இல்ல, நிம்மதியாத் தூங்குங்க. ரெண்டு பேருக்குள்ளயும் ஏதோ சண்டை போலிருக்கு, ஒருத்தர் இருக்கிற எடத்துல இன்னொருத்தர் இருக்க மாட்டேங்குறாங்க.

உங்களைப் பாக்கக் கூச்சமா எனக்கு? பைத்தியக்காரத்தனமா எழுதாதீங்க. முழங்கால்னா முழங்கால்தான்.

ரெஜினா


புதுச்சேரி
12-11-2024
(அஞ்சலட்டை)

அண்ணே, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உங்க கடுதாசியே இல்ல. போன் பண்ணா எடுத்து, "நல்லா இருக்கேன்மா, எழுதறேன்"னு வச்சிட்டீங்க. சாமியார் கோவிச்சிக்கிட்டாரா? முள்ளு குத்திடுச்சா? பதில் போடுங்க.

ரெஜினா


விருத்தாசலம்
19-11-2024

அன்புள்ள ரெஜினாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எழுதிக் கிழித்தவை சில. இதுவும் கிழிக்கத் தகுந்ததுதான், ஆனால் அனுப்புகிறேன்.

மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கத் தீர்மானித்துவிட்டேன். சென்னைக் கடைக்காரரிடம் கேட்டேன். அந்தக் காலத்து மோனோ முள்தான் ஸ்டீரியோ தட்டைச் சிதைக்கும், இப்போது வருவது மேலும் கீழும் வளைந்து கொடுக்கும், பயமில்லை என்றார். இந்த முடிவால் விளைவன:

1. பழைய தட்டுகளின் கீறல் சத்தம் குறையும்.
2. பாட்டும் கிளாரினெட்டும் ஒன்றாகக் கலந்து இரண்டு ஒலிபெருக்கியிலும் வரும். எந்தப் பக்கம் இருந்து கேட்டாலும் முழுப்பாட்டு.
3. மண்டபத்தில் உள்ள மற்றவர்களுக்கு ஸ்டீரியோவின் அகலம் கிடைக்காது. அவர்களுக்கு அது இழப்புதான். அந்த இழப்பு இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

உன் வீட்டு ஆம்பிளிஃபயரிலும் முன்பக்கத்தில் 'மோனோ' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மைத்துனர் அதைத் தொட்டிருக்க மாட்டார். அதை அழுத்திவிட்டு மாதா பாட்டை ஒருமுறை கேள்.

மேடையில் நாற்காலி எப்படிப் போடுவது என்று வரைந்து பார்த்தேன். நான் நடுவில். உனக்கு என் இடப்புறம், ஓரத்தில். உன் இடப்புறத்தில் சுவர், அந்தப் பக்கமாக யாரும் வந்து பேச வழியில்லை. பேசுகிறவர்கள் எல்லோரும் உன் வலப் பக்கமாகவே வருவார்கள். படிக்கட்டும் வலப் பக்கம்தான்.

வேறொரு செய்தி. எங்கள் கம்பெனியின் அரவை மில்லில் இருந்த கொளஞ்சிநாதனை டீக்கடையில் பார்த்தேன். மில் சத்தத்தில் பல வருடம் நின்றவர். எப்போதும் பெஞ்சின் ஓரத்திலேயே உட்காருகிறாரே என்று கேட்டேன். "ஒரு காது போயிடுச்சு சார். எல்லாரையும் இந்தப் பக்கமா வச்சிக்கிட்டா ஒரு தொந்தரவும் இல்ல. பொண்டாட்டி திட்டுறப்ப மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பிக்குவேன்," என்றார். அவளும் இப்போது அதைத் தெரிந்துகொண்டு சுற்றி வந்து திட்டுகிறாளாம். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

உன் முழங்கால் குணமடைந்தால் வா.

காஸ்பர்


புதுச்சேரி
2-12-2024

அண்ணனுக்கு,

பொத்தானை அழுத்தினேன். அந்த அம்மா ஒரு வரி பாடுது, கிளாரினெட்டு பதில் சொல்லுது. திரும்பத் திரும்பப் போட்டேன். சோறு ஆறிப்போச்சு.

நீங்க சுத்தி வளைச்சி எழுதினதைப் படிச்சி முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் அந்த நாற்காலியையும் சுவத்தையும் படிச்சேன். கோவம் போயிடுச்சு.

ஆமாண்ணே. இடது காது போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு காலையில எழுந்தேன், இல்ல. டாக்டர்கிட்ட லேட்டாப் போனேன். நர்ஸா இருந்தவ லேட்டாப் போனா யாரைச் சொல்லித் திட்டுறது? யாருக்கும் சொல்லல. லாரன்ஸுக்குத் தெரிஞ்சா என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி பதினோராவது மாடியில ஒக்கார வச்சிடுவான். காலிங் பெல்லு கேக்காது, குக்கர் விசில் எண்ணத் தெரியாதுன்னு. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கும், அதான் பயம். எனக்கு என் வூடு வேணும்.

கூட்டத்துக்குப் போறதையும் நிறுத்திட்டேன். போன பெருநாளுக்கு ராஜாம்பாள் டீச்சர் இடப் பக்கமா நின்னு பேசியிருக்காங்க, நான் நேராப் பாத்துக்கிட்டே போயிட்டேன். "பென்ஷன் வந்ததும் திமிரு வந்துடுச்சு"ன்னு தெருவெல்லாம் சொல்லியிருக்காங்க. உங்க ஊர்ல வந்து உங்களுக்கும் அந்தப் பேரு வாங்கித் தரணுமா?

இன்னொண்ணு. என் ஒத்தைக் காதுக்காக மண்டபம் நெறைய ஜனங்க நல்ல பாட்டை அரைகுறையாக் கேக்கணுமா? அது தப்பு. ஸ்டீரியோவே வாங்குங்க. நான் வூட்டுல பொத்தானை அழுத்திக் கேட்டுக்கிறேன்.

ரெஜினா


விருத்தாசலம்
7-12-2024

அன்புள்ள ரெஜினாவுக்கு,

மோனோ வாங்கிவிட்டேன். பொருத்தியும் விட்டேன். திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

இழப்பு இருக்கிறது என்று நானே எழுதினேன், ஒளிக்கவில்லை. யாராவது கேட்டால் ஆம், இது என் முடிவு என்று சொல்வேன். எனக்குச் சொல்ல வரும் என்றே நினைக்கிறேன்.

லாரன்ஸிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்வதானால் நல்லது.

நாற்காலி உனக்காகப் போடப்படும். காலியாக இருந்தாலும் போடப்படும்.

காஸ்பர்


புதுச்சேரி
6-1-2025

அன்பு அண்ணனுக்கு,

புது வருச வாழ்த்துகள். கேக் கெட்டுப்போவும்னு அனுப்பல, கையில கொண்டு வரேன்.

காலியா இருந்தாலும் போடுவேன்னு எழுதினீங்களே, அதைப் படிச்சா யாரால வராம இருக்க முடியும்? சாதுவா இருந்துக்கிட்டே ஆளை மடக்குறீங்க.

கிறிஸ்மஸுக்கு வந்த லாரன்ஸ்கிட்ட சொல்லிட்டேன். நான் எதிர்பார்த்த மாதிரியே, "பெட்டியைக் கட்டும்மா"ன்னான். மாட்டேன்னேன். ரெண்டு நாள் முறைச்சிக்கிட்டான். மூணாம் நாள் எலக்ட்ரீசியனைக் கூட்டியாந்து, பெல்லு அடிச்சா கூடத்துலயும் சமையல்கட்டுலயும் லைட்டு எரியற மாதிரி வச்சிட்டான். இப்போ பால்காரர் வந்தா என் வூடு திருவிழா மாதிரி மின்னுது. குக்கருக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல. எண்ண வேண்டாம், கடிகாரம் பாருன்னுட்டான். மாடி வூட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன். அவ அழுதுட்டா, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்து நின்னிருக்க மாட்டேனே"ன்னு. இப்போ அவளுக்கு ஆறுதல் சொல்றது என் வேலையாப் போச்சு.

கெழவி திமிரு புடிச்சவன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே மைக்கைப் புடிச்சி, "எனக்கு இடது காது கேக்காது, பேசணும்னா வலப் பக்கமா வாங்க"ன்னு சொல்லிடப் போறேன். உங்களுக்கு வெக்கமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

எலுமிச்சை ஊறுகாயை எங்கேயாவது ஒளிச்சி வச்சிருந்தா நான் வர்றதுக்குள்ள காலி பண்ணிடுங்க. போயிட்டு வரேன்னு மாடி வூட்டுல இப்பவே சொல்லிட்டேன்.

உங்கள்
ரெஜினா


விருத்தாசலம்
28-1-2025

அன்புள்ள ரெஜினாவுக்கு,

நீ நலமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. கேக் முடிந்துவிட்டது. இரண்டு காரணங்களால் வீடு இப்போது மிக அமைதியாக இருக்கிறது, இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் புலப்படவில்லை.

நீ மைக்கில் சொன்னதைப் பற்றி ஊரில் பேச்சு ஓயவில்லை. அன்று நீ சொன்னதும் கொளஞ்சிநாதன் எழுந்து, "எனக்கும் அதே காதுதான்மா, நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி" என்று சத்தம் போட்டாரே, அதன்பின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு பக்கம் மந்தம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் பேச்சுக் கேட்காமல் இருந்ததற்கு இப்போதுதான் அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.

எனக்கும் பேச வந்தது. "அடுத்து மாதா பாட்டு" என்று நீ சொன்ன பிறகு, நான் மைக்கை வாங்கி, "அதில் ஒரு கிளாரினெட் வரும், கவனியுங்கள்" என்றேன் அல்லவா? மைக்செட் தர்மராஜ் ஒயரைப் பார்க்கப் போகவில்லை. அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு திருத்தம் எழுத வேண்டும், அதற்காகவே இக்கடிதம். நாற்காலிகளைத் திருப்பி அடுக்கப் போனபோது, பாட்டைக் குழைத்து விட்டேனே என்று யாராவது வருத்தப்பட்டார்களா என்று தர்மராஜிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இவ்ளோ பெரிய மண்டபத்துலயா சார்? அந்தத் தட்டை நீங்க ஸ்டீரியோவுல போட்டிருந்தீங்கன்னா, இந்தப் பக்கம் ஒக்காந்தவனுக்குப் பாட்டு, அந்தப் பக்கம் ஒக்காந்தவனுக்குக் கிளாரினெட்டு. பாதிப் பேரு காசு குடுக்காம வந்ததே தண்டம்னு போயிருப்பான்," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய செல்போனிலிருந்து ஒரு ஸ்டீரியோ பாட்டை அந்த ஒலிபெருக்கிகளிலேயே போடச் சொல்லிவிட்டு, நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஓரங்களில் ஒரு பக்கம்தான் பலமாகக் கேட்டது. இரு பக்கமும் சரிசமமாக விரிந்து கேட்டது மண்டபத்தின் நட்ட நடுவில், முன்னாலிருக்கும் நாற்காலியில் மட்டும். அன்று அதில் சாமியார் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தட்டிலேயே தூங்கிவிட்டார்.

ஆகவே நவம்பர் மாதக் கடிதத்தில் நான் மூன்றாவதாக எழுதியது தவறு. நீ வந்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

காஸ்பர்